ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அடி உயரத்தில் ஒரு கோபம்

விமான நிலையத்தில் கூட்டம் எங்கே இருக்க வேண்டும்? உள்ளே. டிக்கெட் காட்டும் இடத்தில், பெட்டி நிறுக்கும் இடத்தில், போனால் போகிறது, கழிப்பறை வாசலில். இந்த விமான நிலையத்தில் மட்டும் கூட்டம் வெளியே நின்றது. வாசலுக்கு எதிரே, சாலையைத் தாண்டி, ஜெராக்ஸ் கடையை ஒட்டியிருந்த பத்துக்குப் பத்து அறையின் முன்னால். காலை ஆறு மணிக்கே பெட்டியும் கையுமாக வரிசை வளைந்து வளைந்து நிற்கும். வந்தவர்கள் விமானத்தைக் கோட்டை விட்டாலும் விடுவார்கள், அந்த வரிசையை விடமாட்டார்கள்.

அறைக்குள்ளே மலையடக்கியார் வீற்றிருந்தார்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அரை வருஷத்துக்கு முன்பு வரை அவர் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவர். அது சரியாகப் போகவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட மலையை அடக்குவது சுலபம் என்று ஒருநாள் ஞானம் பிறந்தது. தாடி வளர்ந்தது, சட்டை வெளுத்தது, குரல் கனத்தது. பேச்சு மட்டும் மாறவில்லை. "உங்க குடும்பத்தோட பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்" என்று அன்றைக்கும் சொன்னார், இன்றைக்கும் சொன்னார்.

அந்த ஊரில் எழும்பும் எந்த விமானமும் இருபதாவது நிமிடத்தில் மலைத்தொடரைத் தாண்டியாக வேண்டும். தாண்டும்போது சில நாள் ஆடும், சில நாள் ஆடாது. ஏன் என்பதற்கு மலையடக்கியார் ஒரு தத்துவம் வைத்திருந்தார். மலைக்கு உயிர் உண்டு. தலைக்கு மேலே எவனாவது பறந்தால் அதற்குப் பிடிக்காது. தூங்கிக்கொண்டிருந்தால் பேசாமல் விட்டுவிடும், விழித்திருந்தால் பிடித்து உலுக்கும். இன்றைக்குத் தூக்கமா விழிப்பா என்று அவர் கண்ணை மூடி மலையிடம் கேட்டுச் சொல்வார். தூக்கம் என்றால் சின்னக் கல், விழிப்பு என்றால் பெரிய கல். துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டால் மலை நம்மைத் தன் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுமாம்.

கல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஓடுபாதையை நீட்டுவதற்காகப் பின்பக்கம் மலைமலையாக ஜல்லி கொட்டிக் கிடந்தது. அரை இன்ச்சும் உண்டு, ஒன்றரை இன்ச்சும் உண்டு.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மனிதர் சொன்னது சொன்னபடி நடந்தது. தூங்குகிறது என்ற நாளில் விமானம் வழுக்கிக்கொண்டு போனது. விழித்திருக்கிறது என்ற நாளில் தேநீர்க் கோப்பைகள் எகிறின. "காத்து மேற்கேயிருந்து வருது, பத்தாயிரம் அடியில பிடிக்கும், பத்து நிமிஷம் விடாது" என்று புள்ளிவிவரத்தோடு சொல்வார். அப்படியே பிடிக்கும். விமானம் ஆடினால், "பார்த்தியா, சொன்னாரே." ஆடாவிட்டால், "பார்த்தியா, அடக்கிட்டாரே." இப்படி ஒரு வியாபாரம் அமைந்தால் யார்தான் தண்ணீர்க் கருவி விற்பார்கள்?

இந்தக் கூத்தை எதிரே இருந்த வானிலை அலுவலகத்தின் ஜன்னல் வழியாக ஒருத்தி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். வானிலைக்காரி என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் வந்து, காற்றளவுகளைச் சேர்த்து, மலைக்கு மேலே இன்றைக்கு எந்த உயரத்தில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று ஒற்றைத் தாளில் கையால் எழுதி, மலையின் கோட்டுப்படத்தில் அம்புக்குறி போட்டு விமானிகளுக்குக் கொடுப்பது அவள் வேலை. தாளின் தலைப்பில் தேதி, மணி, அவ்வளவுதான். மாதமோ வருஷமோ எழுதும் வழக்கம் கிடையாது. ஆறு மணி நேரத்தில் காலாவதியாகிற தாளுக்கு மாதம் எதற்கு?

தாளுக்கு நாலு நகல் வேண்டும். அலுவலகத்து நகலெடுக்கும் இயந்திரம் படுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழுது பார்க்க எழுதிய கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றுலா போயிருந்தது. அதனால் அவளே தினமும் சாலையைக் கடந்து ஜெராக்ஸ் கடையில் நாலு காப்பி எடுத்துக்கொண்டு வருவாள். வரும் வழியில் மலையடக்கியாரின் வரிசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அதற்கு மேல் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஊரில் எத்தனையோ பைத்தியம், இது ஒன்று என்று விட்டுவிட்டாள்.

அப்படி விட்டது தப்பு என்று அவளுக்கு உறைத்தது, வரிசையில் சொந்த அக்காவே போய் நின்ற பிறகுதான்.

அக்கா தையற்காரி. இரண்டு மாதமாக இடது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. பிறகு ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருட்டியது. விழித்திரை கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம். சாலை வழியாகப் போனால் இரண்டு நாள், குண்டும் குழியுமாக. விமானத்தில் ஒரு மணி நேரம். ஆனால் அக்காவுக்கு விமானம் என்றாலே குலை நடுங்கும். பல வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அதே மலைக்கு மேலே விமானம் சட்டென்று இறங்கி, அவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டு கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயம் நிஜம். மலையடக்கியார் அதைச் சரியாக மோப்பம் பிடித்தார்.

"கண்ணுல குறை உள்ளவங்களைத்தான் மலை முதல்ல பார்க்கும்மா. அது முழிச்சிருக்கிற நாள்ல நீ ஏறவே கூடாது. ஏறினா அந்தக் கண்ணை எடுத்துக்கும்" என்றார்.

இரண்டு முறை டிக்கெட் போட்டார்கள். இரண்டு முறையும் காலையில் மலை விழித்துக்கொண்டது. இரண்டு முறையும் அக்கா பெரிய கல்லோடு வீடு திரும்பினாள். டாக்டர் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அன்னைக்கும் வரலைன்னா, அந்தக் கண்ணைப் பத்தி நாம பேச வேண்டியதே இருக்காது." மூன்றாவது டிக்கெட் வியாழக்கிழமைக்குப் போட்டிருந்தது, பதினேழாம் தேதி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வானிலைக்காரி அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, இதுவரை மலையடக்கியாரிடம் வாங்கிய ஏழு கற்களை மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை கிளம்புற இல்ல?" என்றாள் தங்கை.

"ஐயா சொன்னா கிளம்புறேன்."

"உன் கண்ணு அந்தாளு கையில இருக்கா, டாக்டர் கையில இருக்கா?"

"நீ என்ன வேணும்னாலும் சொல்லு. அவர் வாக்கு ஒரு நாள் பொய்யானதில்ல. இன்னைக்குக் கூடச் சொன்னாரு, மலையோட கோபம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம் அடி உயரத்துல நிக்குதுன்னு. அங்க நின்னவங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்துப் போச்சு."

தங்கைக்கும் சிலிர்த்தது. காரணம் வேறு. அன்று காலை தாளில் பதினாலாயிரம் என்று எழுத வேண்டிய இடத்தில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். காப்பி எடுத்து வந்த பிறகுதான் கவனித்து, நாலு தாளிலும் பேனாவால் அடித்துத் திருத்தி விமானிகளிடம் கொடுத்தாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அடியில் விமானம் என்ன, வெளவால்கூடப் பறக்காது. அந்தப் பூஜ்யம் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்திருக்கிறது. ஒன்று அவள் தாளில், இன்னொன்று மலையின் கோபத்தில்.

"அடப்பாவி, இத்தனை நாளும் இவனுக்கு அருள்வாக்கு எழுதிக் கொடுத்தது நான்தானா" என்று முணுமுணுத்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கல்லுல ஒண்ணை எடுத்துக்கிட்டு வா."

வீட்டுப் பின்புறம் குளியலறைத் தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்கால் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சலனமில்லாமல் ஓடியது. பெரிய கல்லை நடுவில் வைத்தாள். கல்லில் மோதிய தண்ணீர் மேலே ஏறி, தாண்டி விழுந்து, அதற்கப்புறம் ஒரு முழ தூரத்துக்கு மேடும் பள்ளமுமாகத் துள்ளியது. துணி அளவு எழுதிய காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து மேலே போட்டாள். காகிதம் கல்லைத் தாண்டியதும் குதி குதி என்று குதித்தது. கொஞ்ச தூரம் போனதும் அடங்கிப் பேசாமல் மிதந்து போனது.

"இப்போ கல்லுக்குக் கோபமா, தண்ணிக்குக் கோபமா?"

கேட்டுவிட்டுத் தங்கை கல்லைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கல்லுதான் மலை. தண்ணிதான் காத்து. மலையில மோதுற காத்து மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, இப்படித்தான் அலையடிக்கும். காத்து வேகமா மலைக்குக் குறுக்கே அடிச்சா ஆட்டம் ஜாஸ்தி. காத்து இல்லாத நாள்ல ஆட்டம் இல்ல. குழாயை மூடுறேன் பாரு. மலை தூங்கிடுச்சு."

அக்கா குனிந்து நல்ல கண்ணால் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "புரியுதுடி. காகிதம் முழுகலைங்கிறதும் தெரியுது. ஆனா பயம் புரிஞ்சா போயிடுமா? அவர் தப்பாச் சொல்லி ஒரு தடவையாவது என் காதால கேட்டேன்னா, நான் ஏறிடுவேன்."

"கேக்க வைக்கிறேன்" என்றாள் தங்கை.

புதன்கிழமை காலை காப்பி எடுக்கப் போனபோது முதன்முறையாக எண்ணினாள். நாலு காப்பி கேட்டாள். கண்ணாடிக்கடியில் வெளிச்சம் ஐந்து முறை ஓடியது. கடைக்காரர் நாலைக் கையில் கொடுத்து, நாலுக்குக் காசு வாங்கிக்கொண்டு, அப்பாவியாகச் சிரித்தார். அவர் மலையடக்கியாரின் மச்சான் என்பதும், இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு என்பதும் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். தெரிந்ததையும் தெரிந்ததையும் சேர்த்துப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

அன்று மாலையே மறுநாள் நிலவரம் தெரிந்துவிட்டது. மேற்கிலிருந்து பலத்த காற்று, மலைக்கு நேர் குறுக்கே. சிகரத்தின் தலையில் கவிழ்த்த தட்டுப் போல ஒரு மேகம் நகராமல் நின்றது. அந்த மேகம் நின்றால் ஆட்டம் நிச்சயம். அவள் அலமாரியில் பழைய கோப்புகளைக் குடைந்து, மூன்று மாதத்துக்கு முந்தைய பதினேழாம் தேதித் தாள் ஒன்றை எடுத்தாள். அது காற்றே இல்லாத பனிக்காலக் காலை. அதில் இருந்ததை மலையடக்கியாரின் பாஷையில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, டாக்சி ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே மூத்த டாக்சிக்காரர் மலையடக்கியாரின் பரம பக்தர். கண்ணாடியில் கல் தொங்கும்.

"அண்ணே, நாளைக்கு ஐயா வாக்கு சொல்லி முடிச்சதும், எல்லாரும் பார்க்க இதைத் திறந்து படிக்கணும். அதுவரைக்கும் திறக்காதீங்க."

"ஐயாவைப் பத்தித் தப்பா எதுவும் இல்லையே?"

"அவர் சொல்லப் போறதைத்தான் எழுதியிருக்கேன்."

டாக்சிக்காரர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

வியாழன் விடியற்காலை வானிலைக்காரி அன்றைய உண்மைத் தாளை நாலு முறை தன் கையாலேயே எழுதி, விமானிகளிடமும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் நேரில் கொடுத்தாள். விரல் வலித்தது. பிறகு பழைய தாளை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். "நாலு காப்பி." வெளிச்சம் ஐந்து முறை ஓடியது.

அறைக்கு வெளியே காற்று ஆளைத் தூக்கியது. வரிசையில் நின்றவர்களின் சேலைத் தலைப்பு பின்னால் நிற்பவர் முகத்தில் அறைந்தது. சிகரத்தின் தலையில் அந்தத் தட்டு மேகம் தவிர, வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மலையடக்கியாரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. மலையோடு நேரடியாகப் பேசுகிறவருக்கு ஜன்னல் எதற்கு? அவர் கண்ணை மூடினார். தலையை இடது பக்கம், பிளைவுட் பக்கம், சாய்த்தார். தான் உட்கார்ந்திருந்த மெத்தையின் ஓரத்தைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு, திருவாய் மலர்ந்தார்.

"இன்னைக்கு மலை நல்லாத் தூங்குது. காத்து வடக்கேயிருந்து லேசா வருது. மலைக்கு மேல ரெண்டு நிமிஷம் சின்னதா ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். இப்போ மூடியிருக்கிற பனிமூட்டம் ஒன்பது மணிக்குள்ள விலகிடும்."

வாசலில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். சுள்ளென்று வெயில். பனிமூட்டத்தைத் தேடி ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு சாலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்கேங்க பனிமூட்டம்?" என்றது பின்வரிசை.

"அது ஐயா கண்ணுக்கு மட்டும் தெரியும்" என்று முன்வரிசை அடக்கியது. நம்புவதென்று முடிவு கட்டிவிட்டால் வெயில்கூடப் பனிதான்.

"அண்ணே, உறை" என்றாள் கூட்டத்தோடு வந்து நின்ற வானிலைக்காரி.

டாக்சிக்காரர் கிழித்து, உரக்கப் படித்தார். "மலை தூங்குது. காத்து வடக்கே, லேசா. ரெண்டு நிமிஷம் சின்ன ஆட்டம். பனிமூட்டம் ஒன்பது மணிக்குள்ள விலகும்." படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இது நேத்து சாயங்காலமே என் கைக்கு வந்துடுச்சுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. மலையடக்கியார் லேசுப்பட்டவரா? ஒரு கணம்தான் தடுமாறினார். "நல்லது. மலை இந்தப் பொண்ணுகிட்டயும் பேசியிருக்கு."

"மலை பேசலைங்க ஐயா. நான்தான் உங்ககிட்டப் பேசியிருக்கேன்." பழைய தாளைத் தூக்கிக் காட்டினாள். "இது மூணு மாசத்துக்கு முன்னாடி பதினேழாந்தேதி நான் எழுதினது. தாள்ல மாசம் இல்ல, கோப்புல இருக்கு, வந்து பார்த்துக்குங்க. தினமும் நான் எடுக்கிறது நாலு காப்பி, மெஷின் எடுக்கிறது அஞ்சு. அண்ணே, ஐயா உக்கார்ந்திருக்கிற மெத்தையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

"மெத்தையைத் தொட்டா மலை..." என்று மலையடக்கியார் ஆரம்பித்தார். டாக்சிக்காரர் அவரை மெத்தையோடு சேர்த்து நகர்த்தினார். அடியில் ஐந்தாவது காப்பி. இன்னும் சூடு ஆறவில்லை. பிளைவுட்டின் அடியில் தபால் போடுகிற அளவுக்கு ஒரு பொந்து. அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை ஷட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

"இன்னைக்குத் தாள் இதோ. பன்னெண்டு நிமிஷம் நல்லா ஆடும்" என்றாள் வானிலைக்காரி. "ஆடிட்டுப் பத்திரமா இறங்கும்."

டாக்சிக்காரர் விடவில்லை. "ஐயா, தூங்குதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. வாங்க, நீங்களும் ஏறுங்க. டிக்கெட் எங்க செலவு."

"எனக்கு விமானம் ஒத்துக்காது."

"எத்தனை தடவ ஏறியிருக்கீங்க?"

மலையடக்கியார் தாடியைத் தடவினார். வரிசையின் கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்னால் வந்து சேர்ந்தபோது அறையே அதிர்ந்தது. மலையை அடக்கியவருக்கு அதை அடக்க முடியவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஏழு கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போகாம வீட்டுக்குத் திரும்பினேன். மலை என் கண்ணை எடுத்துக்கும்னு சொன்னியே. எடுத்துக்கப் பார்த்தது நீ இல்லையா?" பிறகு தங்கை பக்கம் திரும்பினாள். "நிஜமாவே ஆடுமா?"

"ஆடும்."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கோ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஏழு கல்லு" என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

விமானம் போனபிறகு வானிலைக்காரிக்கு வேலை ஓடவில்லை. காற்றின் கணக்கு அவளுக்குத் தெரியும். விமானம் இதைவிடப் பெரிய ஆட்டத்தையும் தாங்கும் என்பதும் தெரியும். இருந்தாலும் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. அறிவு வேறு, அக்கா வேறு. ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"பன்னெண்டு இல்லடி, பதினாலு நிமிஷம்" என்றாள் அக்கா. "வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உன் கணக்கும் தப்பு."

"பயந்தியா?"

"பயந்தேன். நல்லாப் பயந்தேன். ஆனா பக்கத்து சீட்டுக்காரர் அந்தாளுகிட்ட எப்பவோ வாங்கின பெரிய கல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஆட்டத்துல அது நழுவி என் கால் கட்டைவிரல் மேல விழுந்துடுச்சு. இன்னைக்கு எனக்குக் காயம்னா அது ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வாரம் கட்டைப் பிரித்தபோது அக்கா முதலில் கவனித்தது, டாக்டரின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருக்கிறது என்பதைத்தான். மலையடக்கியார் ஊரை விட்டுப் போய்விட்டார். இப்போது கடலோரத்தில் எங்கேயோ அலையை அடக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. விஷயம் மேலிடத்துக்கு எட்டியதும், அலுவலகத்து நகலெடுக்கும் இயந்திரம் இரண்டே நாளில் குணமாகி எழுந்து உட்கார்ந்தது.

அதோடு எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை வானிலைக்காரி தாளை எழுதி, எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு காப்பியை ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டினாள். திரும்பிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே பெட்டியும் கையுமாக வரிசை. முதலில் டாக்சிக்காரர். தாளைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பயபக்தியோடு நின்றார்.

"அம்மா, நீங்க சொன்னா அப்படியே நடக்குது. உங்க கையால ஒரே ஒரு கல்லு..."

அவள் ஜன்னலைத் திறந்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணே, அது கண்ணுல ஒத்திக்கிறதுக்கு இல்ல. படிச்சுப் பார்த்து யோசிக்கிறதுக்கு. யோசிக்கக் கல்லும் வேண்டாம், காசும் வேண்டாம். அதனாலதானோ என்னவோ, யோசிக்கிற வரிசையில மட்டும் ஒருத்தரும் நிக்க மாட்டேங்கிறீங்க."